நாடிழந்தார்க்கு ஒரு நறுக்கு!

"யார் நீ?"

"மனிதன்."

"அது தெரிகிறது. எந்த நாட்டு மனிதன்?"

"நேற்றுவரை ரஷ்ய நாட்டான். இன்று எந்த நாட்டானும் அல்லன்."

"சீட்டு எங்கே?"

"தந்த அரசு இல்லை. வந்த அரசு தரவில்லை."

"அப்படியானால் உள்ளே வழியில்லை. திரும்பு!"

"எங்கே திரும்புவது?"

உரையாடல் என் கற்பனை, நிகழ்ச்சி கற்பனையன்று. முதல் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில், ஐரோப்பாவின் எல்லைச் சாவடிகளில், துறைமுகங்களில், புகைவண்டி நிலையங்களில் ஓயாமல் ஒலித்த கேள்விதான் இது. கண் இருந்தது, கை இருந்தது, கற்ற கல்வி இருந்தது, உழைப்பதற்கு உடலில் உரமும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று — முத்திரை குத்திய ஒரு தாள்! அந்தத் தாள் இல்லாத காரணத்தால், உயிரோடு உலவியவன் உலகத்தின் கணக்கில் இல்லாதவனாகி விட்டான்.

மன்னர்களின் மணிமுடி வரலாற்றைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். படையெடுப்புகளின் பட்டியலை என் வகுப்பு மாணவர்களுக்கு நானே மனப்பாடம் செய்விக்கிறேன். ஆனால் எளிய மனிதனின் வாழ்வை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாகிவிட்ட ஒரு தாளின் வரலாற்றைப் பாடநூல் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1914-க்கு முன்பு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில், ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லைக்குச் செல்லக் கடவுச் சீட்டு தேவைப்படவில்லை. ரஷ்யப் பேரரசும் துருக்கிப் பேரரசும் கேட்டன; ஏனைய நாடுகள் பெரும்பாலும் கேட்டதில்லை. போர் மூண்டது, ஒற்றன் பற்றிய அச்சம் பிறந்தது, அச்சம் வாயிற்கதவை இழுத்துச் சாத்தியது. போர் முடிந்தது, ஆனால் சாத்திய கதவு திறக்கவில்லை! 1920-ஆம் ஆண்டு பாரிசில் கூடிய மாநாடு, கடவுச் சீட்டு எப்படி இருக்க வேண்டும், எத்தனை பக்கம் இருக்க வேண்டும் என்று வடிவம் வகுத்தது. தற்காலிக ஏற்பாடு என்று வந்தது, தங்கிவிட்டது.

இந்த நேரத்தில்தான் ரஷ்யாவிலிருந்து மக்கள் வெள்ளம் புறப்பட்டது. 1917-இல் புரட்சி, அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர், அதன் பின்னே பஞ்சம். 1920 நவம்பரில் மட்டும் கிரிமியாவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் கப்பலேறிக் கான்ஸ்டாண்டிநோபிள் வந்து சேர்ந்தனர். பெர்லினில், பாரிசில், கிழக்கே சீனத்தின் ஹார்பினில் என்று சிதறியவர்களின் மொத்தத் தொகை பத்து இலட்சம் என்றும், அதற்கும் மேல் என்றும் கணித்தனர். 1921 டிசம்பர் 15-ஆம் நாள் சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இசைவின்றி நாட்டைவிட்டு வெளியேறியோரும், அரசை எதிர்த்துப் படையில் நின்றோரும் குடியுரிமை இழந்தனர். ஒரு தாளில் இட்ட கையெழுத்து, பல நூறாயிரம் மக்களை நாடற்றோர் ஆக்கிற்று.

"அவர்கள் யார்? ஜாரின் பிரபுக்கள்தாமே! ஏழையின் இரத்தத்தை உறிஞ்சியவர்கள் வீதியில் நிற்பது நியாயந்தானே?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். பிரபுக்கள் இருந்தனர், மறுப்பதற்கில்லை. பிரபுக்களின் வண்டியோட்டிகளும் இருந்தனர். கட்டாயப் படையில் சேர்க்கப்பட்ட உழவனின் மகனும், தாயின் இடுப்பிலிருந்த குழந்தையும் இருந்தனர். அதுமட்டுமன்று. நல்லவனுக்கு மட்டுமே உரிமை என்றால், எவன் நல்லவன் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவனிடமோ போய்ச் சேரும். போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் அது என்ன செய்தது என்பதை வருணத்தின் பெயரால் வாடிய நாம் நன்கறிவோம். உரிமை என்பது நற்சான்றுப் பத்திரத்தின் பேரில் தரப்படும் பரிசு அன்று.

இந்த உண்மையைச் செயலில் காட்டியவர் நார்வே நாட்டு நான்சென்.

பிரிட்ஜாஃப் நான்சென் 1861-இல் பிறந்தவர், அறிவியலாளர். 1888-இல் கிரீன்லாந்தின் பனிவெளியைக் குறுக்கே கடந்தார். 1893 முதல் 1896 வரை 'ஃபிராம்' கப்பல் பயணத்தை நடத்தி, அதற்குமுன் எவரும் எட்டாத வட அட்சம் வரை சென்று மீண்டார். பனிக்கட்டியை உடைத்துப் பழகிய அந்த மனிதரிடம், பனிக்கட்டியினும் உறைந்து கிடந்த அரசுகளின் உள்ளத்தை உடைக்கும் வேலை வந்து சேர்ந்தது. 1920-இல் சர்வதேச சங்கம் போர்க் கைதிகளை ஊர் சேர்க்கும் பொறுப்பை அவரிடம் தந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை வீடு சேர்த்தார். 1921-இல் ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையர் ஆனார். அதே ஆண்டு ரஷ்யாவிற்குள் பஞ்சத்தில் மடிந்த மக்களுக்காகவும் கையேந்தினார். அரசுகள் கடன் தர மறுத்தபோது, பொதுமக்களிடம் திரட்டி உணவு அனுப்பினார். நாட்டைவிட்டு ஓடியவனும் அவருக்கு மனிதன். நாட்டில் இருந்து பட்டினி கிடந்தவனும் அவருக்கு மனிதன்.

அகதிக்கு முதலில் வேண்டியது என்ன? சோறு என்போம். கூரை என்போம். இரண்டும் வேண்டும். ஆனால் பிறர் இடும் சோற்றில் எத்தனை நாள் வாழ்வது? வேலை இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். போவதற்கு எல்லை தாண்ட வேண்டும். தாண்டுவதற்குத் தாள் வேண்டும். இந்த முடிச்சைக் கண்டார் நான்சென். 1922 ஜூலையில் ஜெனிவாவில் அரசுகளின் பேராளர்களைக் கூட்டினார். ஜூலை 5-ஆம் நாள் ஓர் ஏற்பாடு உருவாயிற்று. பதினாறு அரசுகள் முதலில் ஏற்றன. நாளடைவில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஏற்றன.

ஏற்பாடு எளியது. அகதி எந்த நாட்டில் இருக்கிறானோ, அந்த நாட்டு அரசு அவனுக்கு ஓர் அடையாளச் சான்றிதழ் தரும். "இவர் ரஷ்யப் பிறப்பினர், வேறு குடியுரிமை பெறாதவர்" என்பது அதன் சாரம். மற்ற அரசுகள் அந்தத் தாளை ஏற்று, அதன்மீது நுழைவு இசைவு வழங்கலாம். முழுமையான கடவுச் சீட்டு அன்று அது, ஒரு நறுக்குத்தான். ஆயினும் மக்கள் அதற்கு 'நான்சென் கடவுச் சீட்டு' என்று பெயர் சூட்டினர். பெயரில் நன்றி இருந்தது. அந்த ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. பரிசுப் பணத்தையும் துயர் துடைக்கும் பணிக்கே தந்துவிட்டார்.

1924-இல் ஆர்மீனிய அகதிகளுக்கும் இந்தச் சீட்டு வழங்க வழி பிறந்தது. 1928-இல் அசிரியர் முதலானோரும் சேர்க்கப்பட்டனர். 1926-இல் வகுத்த ஏற்பாட்டின்படி, வசதியுள்ள அகதி ஐந்து பொற்பிராங்கு செலுத்தி ஒட்டுமுத்திரை வாங்கிச் சீட்டில் ஒட்டினான். அந்தப் பணம் வசதியற்ற அகதிக்கு உதவியது. ஏறத்தாழ நாலரை இலட்சம் சீட்டுகள் வழங்கப்பட்டன. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபகோவ் ஆகியோர் அவற்றைக் கைக்கொண்டவர்களில் சிலர். புகழ் பெற்றவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அதே சீட்டுடன் சுரங்கத்திற்கும் தொழிற்சாலைக்கும் சென்றவர்களின் பெயர்கள் தெரியவில்லை. அந்தத் தாள் அவர்களுக்காகத்தான் செய்யப்பட்டது.

குறையே இல்லையா? இருந்தது, பெரிய குறை இருந்தது. சீட்டைத் தந்த நாடே, அவனைத் திரும்ப ஏற்கக் கடமைப்படவில்லை! வெளியே போகலாம், மீண்டும் உள்ளே வரலாம் என்ற உறுதி இல்லை. வெளியேற்ற மட்டும் பயன்படும் தாளை எந்த நாடுதான் தயங்காமல் ஏற்கும்? 'திரும்ப அனுப்ப முடியாத விருந்தாளி' என்று எல்லைதோறும் ஐயுற்றனர். நபகோவ் தம் நினைவு நூலில் அந்தச் சீட்டைக் கசப்போடுதான் குறிப்பிடுகிறார்.

குறையைக் காட்டிக் கைகழுவவில்லை, பின்வந்தோர். 1933-இல் ஓர் ஒப்பந்தம், 1946-இல் மற்றொன்று என்று படிப்படியாகச் செப்பனிட்டனர். 1951 ஜூலை 28-ஆம் நாள் ஜெனிவாவில் உருவான அகதிகள் ஒப்பந்தத்தின் 28-ஆம் விதி, பயணச் சீட்டு தருவதை அரசின் கடமையாக்கியது. தந்த நாடு, அது செல்லும் காலத்திற்குள் திரும்ப ஏற்க வேண்டும் என்பதும் அட்டவணையில் எழுதப்பட்டது. இருபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன, ஒரு வரியைச் சேர்க்க! அந்த ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்பதையும், ஈழத்திலிருந்து வந்தோர் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழும் தமிழகத்தில் இருந்துகொண்டு நாம் மறக்கலாகாது.

நாடிழந்தவன் கதை இது. நாடுடையவனும் தாளின் பிடியிலிருந்து தப்பவில்லை. பிறப்புச் சான்றிதழையோ பட்டத்தையோ வேற்று நாட்டில் காட்டினால், "இது மெய்யானதா?" என்ற கேள்வி வரும். அதற்காகக் கையெழுத்தின் மேல் கையெழுத்து, அதன் மேல் துறையின் முத்திரை, அதன் மேல் தூதரகத்தின் முத்திரை என்று படிக்கட்டு ஏற வேண்டியிருந்தது. 1961 அக்டோபர் 5-ஆம் நாள் ஹேக் நகரில் முடிவான ஒப்பந்தம் அந்தப் படிக்கட்டை இடித்தது. 'அப்போஸ்தில்' என்னும் ஒரே சான்று. பத்து இனங்கள் கொண்ட ஒரு சதுரம். அது போதும், சேர்ந்த நாடுகள் பெரும்பாலும் ஏற்கும். 1965-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவைப் பொறுத்தவரை 2005 ஜூலை 14 முதல் செல்லும். சீனம் 2023-இலும் கனடா 2024-இலும் வந்து இணைந்தன.

இங்கே பகுத்தறிவாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்போஸ்தில் எதை மெய்ப்பிக்கிறது? கையெழுத்து இன்னாருடையது, அவர் இன்ன பதவியினர், முத்திரை போலியன்று — இவ்வளவுதான். தாளில் எழுதியது உண்மை என்று அது சொல்வதே இல்லை! என் தந்தை பள்ளியில் சேர்ந்த நாளில், வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக் காதைத் தொடச் சொன்னார்களாம். விரல் எட்டியது, ஐந்து வயது ஆயிற்று என்றார் தலைமையாசிரியர், சூன் திங்களில் ஒரு நாளைப் பிறந்த நாளாக எழுதினார். அந்த நாளே பள்ளிச் சான்றிதழில் ஏறிற்று. அரசின் முத்திரையும் விழுந்தது. உலகத்தின் எந்த மூலைக்கு எடுத்துச் சென்றாலும் அந்தத் தாள் மெய்யானது. தேதியோ, ஒரு விரலும் ஒரு காதும் சேர்ந்து செய்தது!

இதை நகைக்க மட்டும் சொல்லவில்லை. முத்திரையைக் கும்பிடுவோர், அது பேசாததையெல்லாம் பேசியதாக நம்பிவிடுவர். தாள் இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் பொய் என்று அரசே நம்பத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு இலங்கை மலையகம் சான்று. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவனைப் பார்த்து, "உன் தந்தை இங்கே பிறந்தாரா? இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தனரா? மெய்ப்பி!" என்றது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகளில் பாட்டன் பிறந்த பதிவேடு ஏது? ஏறத்தாழ ஏழு இலட்சம் தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் இரு அரசுகளும் உடன்பாடு கண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, அம்மக்களின் இசைவைக் கேளாமலே பங்கிட்டுக் கொண்டன. எஞ்சியவர்களுக்கான கடைசிச் சட்டம் வர 2003 ஆயிற்று. மலையை வளமாக்கிய உழைப்பு கண்முன்னே பச்சையாகப் படர்ந்து கிடந்தது. தாள் இல்லை என்பதால் அது சான்றாகவில்லை.

நான்சென் செய்ததன் சிறப்பு இப்போது விளங்கும். தாள் இல்லாதவன் மனிதனல்லன் என்றது உலகம். "மனிதன் இருக்கிறான், ஆகவே தாளைச் செய்யுங்கள்" என்றார் அவர். வரிசையை மாற்றியதுதான் அவர் செய்த சீர்திருத்தம்.

தோழர்களே! நமக்கும் இதில் வேலை இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பை 21 நாளுக்குள் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். சாதகம் கணிக்க நாழிகை பார்த்துக் குறிக்கும் வீட்டில், பதிவேட்டுக்கு நாள் குறிக்க மறக்கிறார்கள்! குடிசைப் பகுதியில், செங்கற்சூளையில், இடம்பெயர்ந்து வந்தோரின் கொட்டகையில் பிறக்கும் குழந்தைக்குத்தான் நாளை எல்லையிலும் அலுவலகத்திலும் அந்தக் கேள்வி காத்திருக்கிறது. மாலை நேரத்தில் மன்றத்தில் கூடும் இளைஞர் பத்துப் பேர், தத்தம் தெருவில் பதிவாகாத குழந்தைகளைக் கணக்கெடுத்து, பெற்றோரை அழைத்துச் சென்று பதிவு செய்வித்தால், அது எந்தச் சொற்பொழிவுக்கும் குறைந்ததன்று.

தாளை வணங்க வேண்டாம். தாளின்றித் தவிக்கவும் விட வேண்டாம். மனிதன் செய்தது தாள். அவனுக்காகவே அது இருக்கட்டும்!