மூன்று பொம்மை வேகன்களும் அரியலூர்த் தண்டவாளமும்

அரியலூர் ஸ்டேஷன் என்றால் பலருக்கு 1956 நவம்பரில் நடந்த விபத்தும் லால் பகதூர் சாஸ்திரியின் ராஜினாமாவும்தான் ஞாபகம் வரும். பெரம்பலூர்க்காரனான எனக்கு அது ரயில் ஏறப் போகும் இடம். எங்கள் ஊரில்தான் தண்டவாளமே கிடையாதே! ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கூட்ஸ் வண்டி வந்தால் பெட்டிகளை எண்ணுவேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த மூன்று பொம்மை வேகன்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்தின் ஹார்ன்பி, ஒன்று ஜெர்மனியின் மெர்க்லின், மற்றொன்று அமெரிக்காவின் ஏதர்ன். மூன்றும் 16.5 மில்லிமீட்டர் தடத்தில் ஓடுபவைதான். ஆனாலும் ஒன்றோடொன்று சேராது. மூன்றுக்கும் கொக்கி வேறு வேறு. மெர்க்லினின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே மின்காப்பு இல்லை. அவர்களுடைய தடத்தில் நடுவிலிருந்தும் மின்சாரம் எடுப்பதால் அங்கே பிரச்சினை இல்லை. ஹார்ன்பியின் இரட்டைத் தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

நிஜ ரயிலில் கதை நேர்மாறு. டெக்ஸ்மேகோ கட்டினாலும் டிட்டாகர் கட்டினாலும் பிரெய்த்வெய்ட் கட்டினாலும், லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. தரும் வரைபடம் ஒன்றுதான். யார் கட்டிய வேகன் என்பதைப் பெட்டியில் அடித்த தகட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹார்ன்பியின் கதை வேடிக்கையானது. 1938இல் அவர்கள் ‘டப்ளோ’ என்ற சிறிய ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்காது. அதனால் உடம்பை மட்டும் 76இல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, தடத்தை 16.5இலேயே விட்டுவிட்டார்கள். சரியாகப் பார்த்தால் 18.83 இருக்க வேண்டும். அந்தக் குறையோடுதான் இன்றுவரை ஓடுகிறது.

நம் பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. அரியலூரில் சிமெண்டு ஏற்றும் பி.சி.என். வேகனை அந்த அளவில் செய்து, கடையில் கிடைக்கும் தடத்தில் நிறுத்தினால், பெரிய உடம்புக்காரர் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பது போலிருக்கும். சக்கரச் சட்டத்துக்கு ஏதர்ன் உதவும், ஏனென்றால் நம் வேகன்களின் கேஸ்னப் போகி அமெரிக்க வார்ப்பு போகியின் உறவுதான். கொக்கியும் அமெரிக்க ஜாதியே. தடம்தான் இடிக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் நமக்கு 14 சதவீதம் குறைகிறது, ஹார்ன்பிக்கு 12. வெள்ளைக்காரன் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டதை நாமும் பொறுத்துக்கொள்ளலாம்.

வண்டியின் நீளம் வேறு விஷயம். பி.சி.என்.எச்.எல். பெட்டி 10.96 மீட்டர், ஒரு வண்டிக்கு 58 பெட்டி. பொம்மையாக்கினாலும் ஏழே கால் மீட்டர் வரும், எஞ்சினும் கார்டு பெட்டியும் தனி. என் வீட்டுக் கூடத்தில் அடங்காது.

எனக்கு வேண்டியது அதுவும் அல்ல. டால்மியாபுரம் ஆலை 1939இலிருந்து, அரியலூர் அரசு ஆலை 1979இலிருந்து. அந்த நாளில் இந்தக் கார்டு லைன் மீட்டர் கேஜ். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பாதையை அகலமாக்கியதும் அந்தச் சின்ன மூடு வேகன்கள் இங்கே வருவது நின்றது. நான் எண்ணிக்கொண்டு நின்ற வேகன்கள் அவைதான். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

நல்லவேளை, மீட்டர் கேஜை 87ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்காக பெமோ என்ற ஜெர்மன் கம்பெனி 12 மில்லிமீட்டர் தடமும் சக்கரமும் செய்கிறது. பிராட் கேஜுக்குக் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் பிசகு, இதற்கு அரை மில்லிமீட்டர். பெமோவின் பெட்டிகள் சுவிஸ் சாயலில் இருப்பதால் அவை எனக்கு உதவாது. சக்கரம் மட்டும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். பெட்டியைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி ஒட்டிவிட்டேன். நடுவில் வரும் ஒற்றை பஃபர்தான் இன்னும் கைக்கு வரவில்லை.