மழைக்காட்டு மரபும் சொற்பொருளும்: ஜிர்பல் கள ஆய்வு வரலாறு

ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதப் புகுவோர் அம்மொழியினரின் மரபுகளையும் கற்றாக வேண்டும் என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் வடகுவீன்ஸ்லாந்து மழைக்காட்டில் நிகழ்ந்த கள ஆய்வு தக்க சான்றாகும். ஆர். எம். டபிள்யூ. டிக்சன் 1963-இல் அங்குச் சென்றார். அவருக்கு ஜிர்பல் மொழியைக் கற்பித்த முதியோருள் குளோயி கிராண்ட், ஜார்ஜ் வாட்சன் ஆகியோர் முதன்மையானவர். 1972-இல் வெளிவந்த ஜிர்பல் இலக்கண நூல் அக்கற்றலின் பயனே ஆகும்.

அங்கு அறியவந்த மரபுகளுள் தலையாயது விலக்கு வழக்கு. அன்றாட வழக்கு ‘குவல்’ எனப்பட்டது. மாமியார் கேட்கும் எல்லைக்குள் மருமகனும், மாமனார் கேட்கும் எல்லைக்குள் மருமகளும் ‘ஜல்ஙுய்’ என்னும் வழக்கிலேயே பேச வேண்டும். இரண்டிற்கும் ஒலியமைப்பு ஒன்றே. இலக்கணமும் பெரும்பாலும் ஒன்றே. சொற்கள் மட்டும் ஏறத்தாழ முற்றிலும் வேறு. ஜல்ஙுய் வழக்கின் சொற்றொகை குவலின் கால் பங்கு அளவினது. ஆதலின் குவலில் ‘பார்’, ‘அண்ணாந்து பார்’, ‘திரும்பிப் பார்’ என்பவற்றிற்குத் தனித்தனி வினைகள் இருப்ப, ஜல்ஙுய் ஒரே வினையால் அவற்றை உணர்த்தியது. வேறுபாடு காட்ட வேண்டியவிடத்து அவ்வினையோடு அடைமொழி சேர்க்கப்பட்டது. எவ்வினை அடிப்படையானது, எது அதன் சிறப்பு வகை என்பதை இவ்விணைகளைக் கொண்டே டிக்சன் வரையறுத்தார். மொழியியலார் தேடிய பொருட்பகுப்பு, பேசுவோரின் உறவுமுறை ஒழுக்கத்திலேயே பொதிந்திருந்தது.

1930 அளவிலேயே ஜல்ஙுய் வழக்கொழிந்துவிட்டது. அது முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்த காலத்தில்தான் பதிவாயிற்று.

பெயர்ப் பகுப்பிற்கும் இது பொருந்தும். ஞாயிறு மனைவி, திங்கள் கணவன் என்பது அவர்தம் தொன்மம். எனவே ஞாயிறு பெண்டிர்க்குரிய ‘பலன்’ வகையையும், திங்கள் ஆடவர்க்குரிய ‘பயி’ வகையையும் சார்ந்தன. பறவைகள் இறந்த பெண்களின் ஆவிகள் எனக் கருதப்பட்டமையால் ‘பலன்’ வகையில் அடங்கின. தொன்மக் கதைகளில் ஆடவராக வரும் சில பறவைகள் மட்டும் ‘பயி’ ஆயின. ஜார்ஜ் லேக்காஃப் 1987-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே இப்பகுப்பிலிருந்து பிறந்ததாகும்.

இளைஞர் பேசும் ஜிர்பலை ஆராய்ந்து அன்னெட் ஷ்மிட் 1985-இல் நூல் வெளியிட்டார். மொழித்திறன் குன்றியோரிடம் ‘பலன்’ வகை பெண்களைக் குறிக்கும் அளவிற்குச் சுருங்கியதை அந்நூல் காட்டுகிறது. தொன்மத்தை ஒட்டிய பகுப்பு அவர்களிடம் மறைந்தது.

ஆகவே, ‘பலன்’ என்பதைப் ‘பெண்பால்’ என்று மட்டும் பெயர்ப்பவர், முதியோர் மொழியை அன்று, அதன் தேய்ந்த வடிவத்தையே பெயர்த்தவராவார்.