மரபணு, உயிரணு சிகிச்சை ஆய்வு விருதுகள்

மரபணு, உயிரணு சிகிச்சை ஆய்வு விருதுகள் என்பன, மரபணுவைச் சேர்த்தோ திருத்தியோ, உயிருள்ள உயிரணுக்களையே மருந்தாகச் செலுத்தியோ நோய் தீர்க்கும் முறைகளை உருவாக்கிய ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் விருதுகளாகும். துறைசார் கழகங்கள் வழங்கும் விருதுகளும் நோபல் பரிசு போன்ற பொது அறிவியல் விருதுகளும் இவற்றுள் அடங்கும். இந்தியாவில் உயிரணு சிகிச்சையின் முன்னோடிகள் இருவர் பத்ம விருதுகள் பெற்றுள்ளனர். அவர்களுள் ஒருவரின் முதன்மைப் பணி தமிழ்நாட்டின் வேலூரில் நடைபெற்றது.

துறை அறிமுகம்

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் ஜக்கார்டு பெட்டியில் கோக்கப்பட்ட துளையிட்ட அட்டைகள் கரை, புட்டா ஆகியவற்றின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஓர் அட்டையில் துளை பிழையானால், அவ்வட்டை சுற்றி வரும்போதெல்லாம் சேலையில் அதே பிழை விழும். நெய்த துணியைச் சரிசெய்வதால் பயனில்லை. அட்டையையே திருத்த வேண்டும். மரபணு சிகிச்சையின் அடிப்படைக் கருத்தும் இத்தகையதே. தீங்கற்றதாக மாற்றப்பட்ட தீநுண்மம் (வைரசு) ஒன்றின் வழியாகச் சரியான மரபணு உயிரணுவுக்குள் சேர்க்கப்படுகிறது. அல்லது கிரிஸ்பர் போன்ற கருவியால் பிழை திருத்தப்படுகிறது.

உயிரணு சிகிச்சையின் பழைய வடிவங்களுள் ஒன்று எலும்பு மச்சை மாற்று ஆகும். கார்-டி சிகிச்சையில் இவ்விரு முறைகளும் இணைகின்றன. நோயாளியின் டி-வெண்குருதியணுக்கள் வெளியே எடுக்கப்பட்டு, புற்றணுக்களை இனங்காணும் மரபணு சேர்க்கப்பட்டு, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தப்படுகின்றன.

பொது அறிவியல் விருதுகள்

* 1990 - மருத்துவ நோபல் பரிசு: எலும்பு மச்சை மாற்றுக்காக ஈ. டொனால் தாமஸ். சிறுநீரக மாற்று அறுவைக்காக ஜோசப் மர்ரி இப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். உரிய ஒப்புதலுடன் முதல் மரபணு சிகிச்சை அமெரிக்காவில் தொடங்கியதும் இதே ஆண்டிலாகும்.
* 2012 - மருத்துவ நோபல் பரிசு: முதிர்ந்த உயிரணுவைப் பல்திறன் கொண்ட நிலைக்கு மீளக் கொண்டுவரலாம் எனக் காட்டிய ஜான் கர்டன், சின்யா யாமானாக்கா.
* 2018 - சாம்பலிமோ பார்வை விருது: பிறவிப் பார்வையிழப்பு ஒன்றுக்கான மரபணு சிகிச்சையை உருவாக்கிய ஜீன் பென்னெட், ஆல்பர்ட் மகுவயர் உள்ளிட்டோர்.
* 2020 - வேதியியல் நோபல் பரிசு: கிரிஸ்பர் மரபணுத் திருத்த முறைக்காக இம்மானுவேல் சார்பெந்தியே, ஜெனிபர் டௌட்னா.
* 2024 - பிரேக்துரூ பரிசு: கார்-டி சிகிச்சைக்காக கார்ல் ஜூன், மிஷேல் சாடலேன்.
* 2024 - கெய்ர்ட்னர் விருது: அதே சிகிச்சைக்காக செலிக் எஷ்ஹார், மிஷேல் சாடலேன்.
* 2024 - ஷா பரிசு: கருவில் உள்ள ஈமோகுளோபின் பிறப்புக்குப் பின் எவ்வாறு மாறுகிறது என விளக்கிய சுவீ லே தைன், ஸ்டூவர்ட் ஆர்கின். தலசீமியா, அரிவாளணுச் சோகை ஆகியவற்றுக்கான கிரிஸ்பர் சிகிச்சை இக்கண்டுபிடிப்பின் மீதே எழுப்பப்பட்டது.
* 2025 - பிரேக்துரூ பரிசு: மரபணுவின் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் முறைக்காக டேவிட் லியு.

துறைசார் கழக விருதுகள்

இவற்றுள் அமெரிக்க மரபணு மற்றும் உயிரணு சிகிச்சைக் கழகத்தின் விருதுகள் பரவலாக அறியப்பட்டவை. 1996இல் நிறுவப்பட்ட இக்கழகத்தின் பெயரில் 'உயிரணு' என்னும் சொல் 2009இல் சேர்க்கப்பட்டது. வாழ்நாள் பங்களிப்பைப் போற்றும் சிறப்புச் சாதனை விருது, இளம் ஆய்வாளர்களுக்கான சிறந்த புதிய ஆய்வாளர் விருது ஆகியவற்றை இது வழங்குகிறது. ஆய்வகக் கண்டுபிடிப்பை நோயாளியிடம் கொண்டு சேர்த்தவர்களுக்கான விருது ஜெரி மெண்டெல் பெயரால் அமைந்துள்ளது. குழந்தைகளைத் தாக்கும் முதுகுத்தண்டுவடத் தசைநலிவு நோய்க்கான மரபணு சிகிச்சை ஆய்வை வழிநடத்திய இவர், 2024இல் மன்னர் பைசல் பரிசும் பெற்றார்.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் எலும்பு மச்சை மாற்று 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி தலைமையில் செய்யப்பட்டது. அவருக்கு 2002இல் பத்மசிறீயும் 2012இல் பத்ம பூசணும் வழங்கப்பட்டன.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் அமைந்த வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் தலசீமியா நோய்க்கு எலும்பு மச்சை மாற்று செய்யப்பட்டது. அங்கு குருதியியல் துறையை வளர்த்த மாமன் சாண்டி 2019இல் பத்மசிறீ பெற்றார்.

அதே கல்லூரி வளாகத்தில் இயங்கும் குருத்தணு ஆய்வு மையத்தில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, கடுமையான குருதி உறையாமை நோய் (ஈமோபீலியா-ஏ) உடைய ஐவருக்கு மரபணு சிகிச்சை அளித்தது. நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களிலேயே உறைவுக் காரணி எட்டின் மரபணு சேர்க்கப்பட்டது. ஐவரையும் சேர்த்துக் கணக்கிட்ட 81 மாதக் கண்காணிப்பில் குருதிக்கசிவு ஏதும் ஏற்படவில்லை என 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அறிவிக்கப்பட்டது. உறைவுக் காரணியை வாழ்நாள் முழுதும் ஊசியாக ஏற்றிக்கொள்ள வேண்டிய நோயாளிகளுக்கு இது முக்கியமான முடிவாகும். எனினும் ஐவர் என்பது சிறிய எண்ணிக்கையே. மேலும் பலரிடம் சோதிக்கப்பட வேண்டியுள்ளது.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ராகுல் புர்வார் குழு உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதனை அறிமுகப்படுத்தினார்.

விமர்சனங்கள்

நோபல் பரிசை ஒரு துறையில் மூவருக்கு மேல் பகிர்ந்தளிக்க இயலாது. இதனால் பெருங்குழுக்களின் உழைப்பு ஓரிரு பெயர்களில் அடங்கிவிடுகிறது என்பது பொதுவான குறை. பரிசுக் குழுக்களின் தேர்வுகளும் வேறுபடுகின்றன. கிரிஸ்பர் பணிக்கான 2018ஆம் ஆண்டின் காவ்லி பரிசில் சார்பெந்தியே, டௌட்னா ஆகியோருடன் லித்துவேனியாவின் விர்ஜினியுஸ் ஷிக்ஷ்னிசும் இடம்பெற்றார். 2020 நோபல் பரிசில் அவர் பெயர் இல்லை.

ஆய்வில் பங்கேற்கும் நோயாளிகளுக்கு விருதுப் பட்டியலில் இடமில்லை. 1999இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் பங்கேற்ற 18 அகவை ஜெஸ்ஸி கெல்சிங்கர் உயிரிழந்தார். இன்று நடைமுறையிலுள்ள கடுமையான பாதுகாப்பு விதிகள் பல அந்த இழப்பிலிருந்து கற்ற பாடங்களாகும்.

விலை மற்றொரு சிக்கல். 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஈமோபீலியா-பி மரபணு மருந்தின் விலை 35 இலட்சம் டாலர். இந்தியக் கார்-டி சிகிச்சையின் செலவு வெளிநாட்டுச் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கு என அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்டது. அதுவும் பல இலட்சம் ரூபாய் ஆவதால் எளிய குடும்பங்களுக்கு எட்டாததே. ஆகவே, செலவைக் குறைக்கும் ஆய்வும் கண்டுபிடிப்புக்கு இணையாகப் போற்றப்பட வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்று வருகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* மரபணு சிகிச்சை
* குருத்தணு
* குருதி உறையாமை
* தலசீமியா
* கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர்