புள்ளியும் காற்புள்ளியும்: எண் எழுதும் மரபும் கணினியும்

மனிதன் எண்ணக் கற்ற காலம் வேறு. எண்ணியதை எழுதக் கற்ற காலம் வேறு. எண்ணின் பெறுமதி உலகெங்கும் ஒன்றே. அதனை எழுதிக்காட்டும் முறையோ நாட்டுக்கு நாடு வேறுபடும். 1.234 என்று ஒரு தாளில் எழுதியிருப்பின், இலண்டனில் அதனைக் காண்பவர் ஒன்றுக்குச் சிறிது மிகுந்த தொகையெனக் கொள்வர். பேர்லினில் காண்பவர் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு எனக் கொள்வர். இருவரும் தத்தம் நாட்டு முறைப்படி சரியாகவே படித்தனர். ஆயினும் அவர்கள் கொண்ட பொருள்களுக்கிடையே ஆயிரம் மடங்கு வேற்றுமை உண்டு. இவ்வேற்றுமை எவ்வாறு தோன்றியது என்பதும், கணினி யுகத்தில் அது எத்தகைய இடரை விளைத்தது என்பதும் ஆராயத்தக்கன.

பூச்சியம் உள்ளிட்ட பத்து இலக்கங்களால் எழுதும் இடப்பெறுமான முறை இந்தியாவில் வளர்ந்து, அராபியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. இத்தாலியரான பிபனாச்சி 1202 இல் இயற்றிய கணித நூல் அம்முறையை ஆங்குப் பரப்பிய நூல்களுள் தலையாயது. இலக்கங்களைப் பற்றிய உடன்பாடு நாளடைவில் ஏற்பட்டது. முழுவெண் முடிந்து பின்னம் தொடங்கும் இடத்தைக் காட்டும் குறியைப் பற்றிய உடன்பாடோ ஏற்படவில்லை. இத்தாலிய வானியலாளர் பியங்கினி 1440களில் தம் அட்டவணைகளில் தசமப் புள்ளியைக் கையாண்டார் என்பது 2024 இல் வெளியான ஆய்வொன்றினால் தெரியவந்தது. எனினும் அவர் வழக்கு அக்காலத்திற் பரவவில்லை. தசம பின்னங்களை ஐரோப்பிய மக்களிடையே பரப்பியவர் சைமன் ஸ்ரெவின் ஆவார். அவர் 1585 இல் வெளியிட்ட சிறுநூலிற் புள்ளியுமில்லை, காற்புள்ளியுமில்லை. ஒவ்வோர் இலக்கத்தின் தானத்தையும் வட்டத்துள் எழுதிய எண்ணொன்று உணர்த்திற்று. மடக்கையைக் கண்ட ஸ்கொத்லாந்து அறிஞர் நேப்பியரின் நூல், அவர் மறைந்தபின் 1619 இல் வெளிவந்தபோது புள்ளியைக் கையாண்டது. இங்கிலாந்து அவ்வழியைப் பின்பற்றியது.

ஐரோப்பாக் கண்டத்தில் நிலைமை வேறாயிற்று. பெருக்கற்குறியாக வழங்கிய சரிந்த சிலுவை, எக்ஸ் என்னும் எழுத்தோடு மயங்குகின்றதென்று கருதிய லைப்னிற்சு, 1698 இல் யோகான் பேர்ணூலிக்கு எழுதிய கடிதத்தில் அதற்கு ஈடாகப் புள்ளியை விதந்துரைத்தார். பெருக்கலுக்குப் புள்ளி வழங்கிய நாடுகளில் தசமத்திற்குக் காற்புள்ளி நிலைபெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமெனக் கூறுவர்.

பெரிய எண்களைக் குழுக்களாகப் பிரிக்கும் முறையிலும் இத்தகைய வேற்றுமைகள் உள. ஆங்கிலேயர் காற்புள்ளியாலும், ஜேர்மனியர் புள்ளியாலும், பிரெஞ்சுக்காரர் இடைவெளியாலும், சுவிற்சலாந்தினர் மேற்குறியாலும் மும்மூன்று இலக்கங்களாகப் பிரிப்பர். இந்தியாவிலோ ஆயிரம், இலட்சம், கோடி என்னும் எண்ணுப்பெயர்களுக்கு இயைய, வலப்புறத்தில் மூன்றும் பின்னர் இரண்டிரண்டுமாகப் பிரித்து 1,00,00,000 என எழுதுவர். நிறை அளவைகளுக்கான பொதுமாநாடு 1948 இல் இப்பிணக்கை நோக்கி, குழுக்களைப் பிரிக்க இடைவெளியன்றிப் புள்ளியோ காற்புள்ளியோ இடலாகாதென விதித்தது. 2003 இல் அம்மாநாடே தசமக்குறி புள்ளியாகவேனும் காற்புள்ளியாகவேனும் இருக்கலாமென ஏற்றுக்கொண்டது. உலக மாநாட்டாலும் ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ள இயலவில்லை.

மனிதர் எண்ணைப் படிக்கும்போது சூழலறிந்து பொருள் கொள்வர். கணினிக்கு அவ்வாற்றல் இயல்பாக இல்லை. இன்ன மரபென்று முன்னரே அதற்கு உணர்த்தல் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தெனிசு ரிச்சி ஆக்கிய சி என்னும் செய்நிரல் மொழி, பிறந்த நாட்டின் மரபாகிய புள்ளியையே அறிந்திருந்தது. அம்மொழி பிற நாடுகளுக்கும் பரவியபின், 1989 இல் வகுக்கப்பட்ட அமெரிக்க நியமம் லொக்கேல் எனப்படும் இடமரபு அமைப்பை அதனுட் சேர்த்தது. தசமக்குறி யாது, குழுப்பிரிக்கும் குறி யாது, குழுவின் அளவு யாது என்பனவற்றை அவ்வமைப்பு கூறும். குழுவின் அளவை ஒரே எண்ணாகக் கொள்ளாது எண்களின் வரிசையாகக் கொண்டமையால், இந்திய முறையும் அதனுள் அடங்கிற்று. பின்னர் எழுந்த ஜாவா மொழியின் நியம நூலகத்திலுள்ள தசம வடிவமைப்புப் பகுதியோ ஒரே அளவான குழுவையே ஏற்பது என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

சி மொழியிலான செய்நிரல் தொடங்கும்போது பழைய புள்ளி மரபிலேயே தொடங்கும். வேண்டுமென்று கட்டளையிட்டாலன்றி மாறாது. ஆனால் ஒருமுறை மாற்றப்படின், அம்மாற்றம் செய்நிரல் முழுவதையும் பற்றும். இங்கேயே இடர் பிறந்தது. ஜேர்மன் மரபுக்கு மாறிய செய்நிரல், திரையில் 3,14 என அழகுற எழுதும். அதுவே ஒரு கோப்பிலுள்ள 3.14 என்பதைப் படிக்கப் புகின், புள்ளியைக் கண்டதும் எண் முடிந்ததெனக் கருதி, 3 என்னும் பெறுமதியோடு நின்றுவிடும். செய்நிரலாளர் படித்து நின்ற இடத்தைச் சோதித்தாலன்றிப் பிழை வெளிப்படாது. காற்புள்ளியால் நிரல் பிரிக்கும் அட்டவணையில் 3,14 என எழுதினாலோ, ஓரெண் ஈரெண்ணாகிவிடும். அதனாலேயே காற்புள்ளியைத் தசமக்குறியாகக் கொண்ட நாடுகளில் அத்தகைய அட்டவணைகளை அரைப்புள்ளியாற் பிரிக்கும் வழக்கம் உண்டாயிற்று.

பின்வந்தோர் இவ்வனுபவத்தால் தெளிவு பெற்றனர். தரவுப் பரிமாற்றத்திற்கான ஜேசன் வடிவம் தசமத்திற்குப் புள்ளி ஒன்றையே ஏற்கின்றது. பைதன் மொழி எண்களைப் படிக்கும் இயல்பான முறையை இடமரபினின்றும் விலக்கி வைத்தது. 2017 இல் வெளியான சி பிளஸ் பிளஸ் நியமம், எந்த இடமரபுக்கும் கட்டுப்படாது எண்ணைப் படிக்கவும் எழுதவும் வல்ல புதிய சார்புகளைத் தந்தது. மறுபுறம், மனிதர் கண்ணுக்காக எண்ணை அவரவர் முறையில் எழுதும் வசதி ஜாவாஸ்கிரிப்டு மொழிக்கு 2012 இல் தனி நியமமாக வகுக்கப்பட்டது. இயந்திரத்துக்கு எழுதுவது ஒன்று, மனிதருக்கு எழுதுவது மற்றொன்று என்னும் பாகுபாடே இவற்றால் விளங்குவது.

தமிழுக்கும் இதில் இடமுண்டு. யூனிகோட் கூட்டமைப்பு 2004 முதல் பேணிவரும் இடமரபுத் தரவுக் களஞ்சியத்தில், இந்தியத் தமிழுக்கு இலட்சம் கோடி முறையும், சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு மும்மூன்றாகப் பிரிக்கும் முறையும் குறிக்கப்பட்டுள்ளன. மொழி ஒன்றேயாயினும் எண்ணின் தோற்றத்தை இடமும் சேர்ந்தே வரையறுக்கின்றது. இலங்கையிலோ இவ்விரண்டும் ஒருங்கே வாழ்கின்றன: மக்கள் பேச்சில் இலட்சமும் கோடியும் வழங்க, அரச நிதியறிக்கைகள் மில்லியன் கணக்கில் வருகின்றன. பத்து இலட்சம் ஒரு மில்லியன் என்பதை நினைவிற் கொள்ளாதார் ஒரு பூச்சியத்தை இழத்தலும் கூட்டுதலும் எளிது.

எனவே எந்த மரபு சிறந்ததென வழக்காடுதல் பயனற்றது. ஒவ்வொன்றும் தன் நாட்டு வரலாற்றினின்றும் முளைத்தது. காக்கப்படவேண்டியது பெறுமதி, குறிகள் அதற்கு உடுத்திய உடையே. கணக்கைப் பாதுகாக்குமிடத்து ஒரே வடிவமும், மனிதர்க்குக் காட்டுமிடத்து அவரவர் மரபும் கைக்கொள்ளப்படின், இலண்டனும் பேர்லினும் ஒரே எண்ணைத் தத்தம் முறையில் எழுதி ஒரே பொருளைக் கொள்ளும்.