அருவிக்கரையும் ஆய்க்குடியும்

குற்றாலத்துச் சாரலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். திரிகூடராசப்பக் கவிராயர் முதல் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு விருந்தாளிகள் வரை, அந்த மலையையும் நீரையும் கொண்டாடியவர்களின் வரிசை நீண்டது. ஆண்டுதோறும் வகுப்பில் குறவஞ்சி நடத்துகிற எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் குற்றாலம் என்றதும் முதலில் என் நினைவுக்கு வருவது வேறொரு காட்சி. கூட்டம் ஓய்ந்த பின்னிரவில், தலையிலிருந்து எண்ணெய் வழிய, உறவினர் இருபுறமும் கைகளை இறுகப் பற்றியிருக்க, பேரருவிக்கு அழைத்துவரப்படும் மனிதர்கள். அருவியில் நின்றால் புத்தி தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் குற்றாலத்தைப் பற்றியும், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஆய்க்குடியில் நிகழ்ந்த ஒரு முயற்சியைப் பற்றியும் சேர்த்து எழுத வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தாள். பீடி சுற்றுவதில் கெட்டிக்காரி. 1980களின் இறுதியில், இரண்டாவது பிரசவம் முடிந்த சில வாரங்களில் அவளுக்கு உறக்கம் போயிற்று. பிள்ளையைத் தன்னுடையது இல்லை என்றாள். இரவெல்லாம் யாரிடமோ பேசினாள். கோடாங்கி வந்து போனான். பிறகு அவளுடைய தாயார் கம்மலை அடகு வைத்து, குற்றாலத்தில் ஓர் அறை பிடித்து, ஒரு மண்டலம் மகளை அருவியில் நீராட்டினாள். சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டு அம்மாவுடன் நானும் ஒருநாள் போயிருந்தேன். நீருக்குள் நின்று அக்கா முதலில் அலறினாள், பிறகு சிரித்தாள், பகல் முழுவதும் அயர்ந்து தூங்கினாள். ஊர் திரும்பியபோது பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள்.

தை பிறப்பதற்குள் எல்லாம் மறுபடியும் தொடங்கிவிட்டது. இம்முறை யாரோ சொல்லித் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் முதல் பஸ்ஸில் கிளம்பினாலும் வீடு திரும்ப இருட்டிவிடும். தாய்க்கும் மகளுக்கும் அன்றைய பீடிக்கூலி போயிற்று. பஸ் கட்டணம் வேறு. மூன்று மாதம் போனார்கள். நான்காம் மாதம் போகவில்லை.

இதில் மூடநம்பிக்கையை மட்டும் காண்பது எளிது. அருவி நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருந்தது. பைத்தியம் என்ற சொல்லே பித்தத்தின் வழிவந்தது. பித்தம் தலைக்கேறினால் அறிவு கலங்கும், எண்ணெயும் குளிர்ந்த நீரும் அதைத் தணிக்கும் என்பது பழைய மருத்துவத்தின் கணக்கு. அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களை 18 வகையாகப் பிரித்துக் குறிகளையும் மருந்தையும் சொல்கிறது. (சிவனையே பித்தன் என்று அழைத்த சுந்தரரைக் கொண்டாடும் நாம், அதே சொல்லை வசவாக வீசவும் தயங்கியதில்லை.) கும்பினிக் காலத்து வெள்ளைக்காரர்களும் குற்றாலத்தை உடல் தேறும் இடமாகவே கண்டனர். கடல்மட்டத்திலிருந்து 500 அடிகூட உயரமில்லாத ஓரிடத்தில் உயர்ந்த மலைக்குரிய குளிர்ச்சியும் தாவரங்களும் இருப்பதைப் பழைய கெசட்டியர்கள் எடுத்துச் சொல்கின்றன. துரைமார்கள் சாரல் காலத்தில் வந்து தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போனார்கள். பிணி தீர வேண்டுமானால் பிணியாளன்தான் பயணப்பட வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

மனநோய்க்கென்று அமைந்த இடமோ எட்டாத் தொலைவில் இருந்தது. வாலண்டைன் கொனோலி என்ற மருத்துவர் 1794இல் சென்னையில் தொடங்கிய காப்பகம், பின்னர் அரசின் கைக்கு வந்து, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்றது. தென்காசியிலிருந்து அது 600 கிலோமீட்டருக்கும் அதிகம். மேற்கே திருவனந்தபுரத்தில் ஊளம்பாறைக் காப்பகம் 1870இல் ஏற்பட்டது. தொலைவு அதில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் அது திருவிதாங்கூர். தென்காசிக்கு அடுத்திருக்கும் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது என்பதை இன்றைய மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த ஊருக்குப் பெண் கொடுத்தவர்கள், ஆட்சி எல்லையால் இரு வேறு காப்பகங்களுக்கு உரியவர்கள் ஆனார்கள். கீழ்ப்பாக்கம் தமிழிலும் ஊளம்பாறை மலையாளத்திலும் கேலிச்சொற்களாகி இருப்பதைக் கவனிக்கலாம். அவை பெரும்பாலான மக்களுக்கு மருத்துவமனைகளாக வந்து சேரவில்லை, சொற்களாகவே வந்து சேர்ந்தன.

விடுதலைக்கு முந்தைய ஆண்டு, 1946இல், போர் குழு தன் அறிக்கையைத் தந்தது. கிராமத்துக்கு அருகில் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணம் நாடு தழுவிய திட்டமாக வளர்ந்தது அதிலிருந்துதான். 1952 முதல் நிலையங்கள் எழுந்தன. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்று பின்னர் கணக்கு வகுக்கப்பட்டது. அம்மை குத்துவதும் பிரசவம் பார்ப்பதும் ஊருக்குள் வந்தன. தமிழ்நாடு இதில் முன்னே நடந்த மாநிலம். 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்த பின் மருந்துத் தட்டுப்பாடும் பெரிதும் நீங்கியது. மனம் மட்டும் இந்தக் கணக்கில் நெடுங்காலம் சேரவில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. அதை மாவட்டத்துக்குக் கொண்டுசெல்ல இந்தியாவெங்கும் நான்கே மாவட்டங்களை 1996இல் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றுள் திருச்சிராப்பள்ளி ஒன்று. எங்கள் அக்கா அதற்குள் ஏழெட்டுச் சாரல்களைக் கண்டுவிட்டாள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமமற்ற காப்பகங்கள் மூடப்பட்டன.

அடுத்த ஆண்டே, 2002இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு ஆய்வு வெளிவந்தது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து எழுதியது. மனநோய் மருந்து ஏதும் தரப்படவில்லை. ஒவ்வொருவருடனும் உறவினர் ஒருவர் தங்கினார். கோயிலில் கூட்டுவது, செடிக்கு நீர் விடுவது போன்ற சிறு வேலைகள். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஏர்வாடி வேறு விதமாகப் புரிந்தது. இரண்டும் நம்பிக்கை நாடிச் சென்ற இடங்களே. ஓரிடத்தில் உறவினர் உடன் தங்கினர். மற்றதில் பெரும்பாலோரை விட்டுவிட்டுப் போய்விட்டனர். போனவர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாதக்கணக்கில் கூலியை இழந்து கூட இருக்க எத்தனை வீடுகளால் முடியும்? குற்றாலத்தில் அக்கா தேறியதற்கு அருவி எவ்வளவு காரணமோ, 48 நாளும் அவள் கையை விடாத தாயும் அவ்வளவு காரணம் என்று இன்று நினைக்கிறேன். அந்தக் கம்மல் ஒருமுறைதான் அடகுக்குப் போக முடியும்.

பெல்ஜியத்தில் கீல் என்றொரு சிறு நகரம். புனித டிம்ப்னாவின் கோயிலுக்கு மனம் கலங்கியவர்களை இடைக்காலத்திலிருந்தே அழைத்துவந்தார்கள். கோயிலில் இடம் போதாதபோது ஊர்க்குடும்பங்கள் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றுக்கொண்டன. வயல் வேலையில் சேர்த்துக்கொண்டன. பிற்காலத்தில் அரசும் மருத்துவமனையும் அதற்குத் துணை நின்றன. வழக்கம் இன்றுவரை அறுபடவில்லை. ஏர்வாடியும் கீலைப் போலத்தான் தொடங்கியது.

இனி ஆய்க்குடி. புறநானூற்றில் ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரைத் தமிழ் மாணவர்கள் அறிவர். வடக்கே இமயமும் தெற்கே ஆய்குடியும் இல்லையானால் உலகம் நிலைதடுமாறும் என்ற பொருளில் ஒரு பாட்டு அவருடையது. அந்த ஆய்குடி இதுவே என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. முடமோசி என்ற பெயர் கால் ஊனத்தால் வந்தது என்பர். ஆய்க்குடிப் புகழைப் பாடிய முதற்புலவன் நடக்க இயலாதவன் என்பது வெறும் தற்செயல்தான். ஆனால் பின்னால் நடந்ததை அறிந்தவர்களுக்கு அது சாதாரணமாகத் தோன்றாது.

ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். 1975 சனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் சென்றவர், உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். ராணுவ மருத்துவமனையில் தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தம் ஊரிலேயே தொடங்கினார். ஒரு கீற்றுக் கொட்டகை, ஐந்து குழந்தைகள். ஐக்கிய நாடுகள் சபை அவ்வாண்டை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. 1992இல் எஸ். சங்கரராமன் சேர்ந்தார்; பட்டயக் கணக்காளர், தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் வேலையின் திசை. பள்ளியும் சிகிச்சைக் கூடமும் விரிந்த வளாகத்தில் அமைந்தன. ஆனால் கிராமத்திலிருந்து அந்த வளாகத்துக்கு எத்தனை தாய்மார்களால் வர இயலும்? பஸ்ஸின் முதற்படி எவ்வளவு உயரம் என்பது, அதில் ஏறவே முடியாதவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்து பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். கழுத்து நிற்காத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, மற்ற பிள்ளைகளோடு ஒட்டாத பிள்ளை ஆகியோரைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, அவரவர் திண்ணையிலேயே பயிற்சி அளிக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் மேற்பார்வையிடுகிறார்கள். ஒவ்வொரு வருகையும் கைபேசிச் செயலியில் பதிவாகிறது. பிள்ளையின் முன்னேற்றத்தோடு தாயின் மனச்சுமையையும் கேள்விகள் கேட்டு அளந்து குறிக்கிறார்கள் என்று அறிந்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை. எங்கள் அக்காவிடம் அப்படி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால்?

மனவளர்ச்சிக் குறைபாடு வேறு, மனநோய் வேறு என்பது உண்மை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டிய நம் பேச்சுவழக்கே பல குழந்தைகளைக் கெடுத்தது. ஆனால் வீடு தேடிச் செல்லும் கால்கள் இரண்டுக்கும் பொதுவானவை.

அரசும் இப்போது அத்திசையில் நடக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்தது. சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. 2021 ஆகஸ்ட் 5 அன்று, ஏர்வாடித் தீயின் 20ஆம் ஆண்டு நினைவுக்கு முந்தைய நாள், மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாசலுக்கு வந்தது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் மன ஆலோசனை கிடைக்கிறது. சங்கிலியை ஒழிக்கச் சட்டம் போதும். நான்காம் மாத மாத்திரைக்கு ஆள் வேண்டும். சர்க்கரை மாத்திரையோடு வாசலுக்கு வருகிற பெண்ணே, ராத்திரி தூக்கம் வருகிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்வது பெரிய செலவாக எனக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. அன்று தன்னுடையது இல்லை என்று அவள் சொன்ன மகள்தான் மாதந்தோறும் தென்காசிக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறாள். பத்து மணிக்குப் போனால் மதியச் சோற்றுக்கு வீட்டில் இருப்பாள். சாரல் தொடங்கினால் தாயை ஐந்தருவிக்கும் அழைத்துப் போகிறாள். சென்ற முறை பார்த்தபோது, "தண்ணி இந்த வருசம் நல்லா விழுதுடே தம்பி" என்றாள் அக்கா. மடியில் பீடித்தட்டு இருந்தது.