ஏழு நாற்காலிகளும் ஒரு நாட்டின் கணக்கும்

குதிரை வண்டி ஓடும்போது குளம்படியால் சேறு தெறிக்கும். அது வண்டியோட்டியின்மேல் படாமலிருக்க முன்புறத்தில் ஒரு பலகையைப் பொருத்தினார்கள். அதற்கு ஆங்கிலத்தில் டாஷ்போர்டு என்று பெயர். மோட்டார் வண்டி வந்தபின் அதே இடத்தில் வேகமானியும் எரிபொருள் மானியும் ஏறிக்கொண்டன; பெயர் மட்டும் மாறவில்லை. இன்று ஒரு நிறுவனத்தின் உற்பத்தி, சரக்கிருப்பு, விற்பனை ஆகியவற்றை ஒரே பார்வையில் காட்டும் கணிப்பொறித் திரைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

ஒரு நாட்டின் தொழில்துறை முழுவதற்கும் இத்தகைய பலகை ஒன்றை அமைக்க முடியுமா? முடியும் என்று நம்பி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தென் அமெரிக்க நாடான சிலியில் சிலர் முனைந்தனர்.

1970இல் சால்வடார் அயெண்டே சிலியின் குடியரசுத் தலைவரானார். நூற்றுக்கும் மேற்பட்ட தொழில் நிறுவனங்கள் விரைவில் அரசின் கைக்கு வந்தன. அவற்றை நிர்வகிப்பது எப்படி? மாதக் கடைசியில் வரும் அறிக்கை பழங்கதையாகவே இருக்கும். 1971இல் ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ் என்ற இளம் பொறியாளர் பிரிட்டனைச் சேர்ந்த நிர்வாக இயல் அறிஞர் ஸ்டாஃபோர்டு பீருக்குக் கடிதம் எழுதினார். பீரும் சிலிக்கு வந்தார். சைபர்சின் என்னும் திட்டம் பிறந்தது.

பீர் மனித நரம்பு மண்டலத்தை முன்மாதிரியாகக் கொண்டார். சுடும் பாத்திரத்தில் கை பட்டால், மூளையின் ஆணைக்குக் காத்திராமல் கை தானே விலகுகிறதல்லவா? ஆலைகளும் அவ்வாறே இயங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒவ்வோர் ஆலையிலிருந்தும் மூலப்பொருள், உற்பத்தி, வேலைக்கு வராதோர் விகிதம் போன்ற சில எண்கள் மட்டும் நாள்தோறும் டெலக்ஸ் வழியாகத் தலைநகர் சாந்தியாகோவுக்கு வரும். கணிப்பொறி அவற்றை ஆராயும். எண்கள் வழக்கம்போல் இருந்தால் பேசாமலிருக்கும். பிறழ்ச்சி தெரிந்தால் முதலில் அந்த ஆலைக்கே செய்தி போகும். குறித்த காலத்துக்குள் குறை தீராவிட்டால்தான் மேலிடத்துக்கு எச்சரிக்கை செல்லும். எல்லாவற்றையும் காட்டுவதன்று, கவனிக்க வேண்டியதை மட்டும் காட்டுவதே நோக்கம்.

இதற்கென அறுகோண வடிவில் ஓர் அறை உருவாயிற்று. ஜெர்மானிய வடிவமைப்பாளர் குயி போன்சீப்பின் குழு அதை வடிவமைத்தது. சுழலும் நாற்காலிகள் ஏழு; மேசை கிடையாது, காகிதமும் கிடையாது. நாற்காலியின் கையில் சில பெரிய பொத்தான்கள் இருந்தன. தட்டச்சு அறியாதவரும் அவற்றை அழுத்திச் சுவரில் வேண்டிய படத்தைப் பார்க்கலாம். ஆனால் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் படங்களைக் கணிப்பொறி வரையவில்லை. கலைஞர்கள் கையால் வரைந்தார்கள்!

அறை முடிவதற்கு முன்பே சோதனை வந்தது. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உணவும் எரிபொருளும் நகரங்களுக்கு வருவது தடைப்பட்டது. எங்கே சரக்கு இருக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த லாரி ஓடுகிறது என்ற செய்திகளை டெலக்ஸ் வலை இரவும் பகலும் சுமந்தது. எஞ்சிய லாரிகளை அரசு திறம்படப் பயன்படுத்த அது உதவியது. அழகிய அறையைவிட எளிய டெலக்ஸே அன்று பயன்பட்டது.

1973 தொடக்கத்தில் அறையின் முதல் மாதிரி தயாராயிற்று. அதைத் தம் மாளிகைக்கே மாற்றும்படி செப்டம்பர் 8இல் அயெண்டே ஆணையிட்டார். மூன்றே நாட்களில், செப்டம்பர் 11இல், இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அயெண்டே உயிர் துறந்தார். அறையும் அழிந்தது. ஏழு நாற்காலிகளில் அமர்ந்து நாட்டின் தொழிலை நடத்தும் நாள் வரவே இல்லை.

தம் திட்டத்தை அயெண்டேயிடம் விளக்கிய நிகழ்ச்சியைப் பீர் பின்னர் நினைவுகூர்ந்தார். ஐந்து படிகளாக வரைந்த அமைப்பில் உச்சிப் படி குடியரசுத் தலைவருக்கு உரியது என்று பீர் சொல்ல இருந்தார். அதற்குள் அயெண்டே முந்திக்கொண்டு, அந்த இடம் மக்களுடையது என்றாராம்.

இன்று சிறு கடைக்காரரும் கையிலுள்ள தொலைபேசியில் தம் கணக்கைப் படமாகக் காண்கிறார். எனினும் அன்று எழுந்த கேள்விகள் பழையனவாகிவிடவில்லை. எந்த எண்ணைக் காட்டுவது? எதை விடுவது? செய்தி முதலில் யாருக்குப் போக வேண்டும்? திரையின் அழகு இவற்றுக்கு விடை சொல்வதில்லை.