அறவியல் பாடம் போன கதையும் திரும்பி வந்த கதையும்

வணிகவியல் மாணவர்கள் பலருக்கு 'பிசினஸ் எதிக்ஸ்' என்றால் பரீட்சைக்கு முதல் நாள் படித்தால் போதும் என்ற எண்ணம்தான். ஆனால் இந்தப் பாடத்துக்கு ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் இறுதியாண்டின் முக்கியப் பாடமே அறவியல்தான். பெரும்பாலும் கல்லூரித் தலைவரே அதை நடத்துவார். பிரவுன் பல்கலைக்கழகத் தலைவர் பிரான்சிஸ் வேலண்ட் 1835-இல் எழுதிய அறவியல் நூல் பல கல்லூரிகளில் பாடப் புத்தகமாக இருந்தது. சொத்து, வாக்குறுதி, அடிமை முறை என்று நடைமுறை விஷயங்களை அது பேசியது.

அந்த நூற்றாண்டின் இறுதியில் துறைகள் தனித்தனியாகப் பிரிந்தன. விரும்பிய பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்தது. அறவியல் தத்துவத் துறைக்குள் ஒதுங்கியது. அங்கேயும் 'நல்லது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்ற ஆராய்ச்சியே 20-ஆம் நூற்றாண்டில் பெரிதாக நடந்தது. எது நல்லது என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

அதைத் திரும்ப அழைத்து வந்தவை அதிர்ச்சிகள்தான். வியட்நாம் போர் ஒன்று. அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின நோயாளிகளுக்குச் சிகிச்சை தராமலே 1932 முதல் 40 ஆண்டுகள் நடந்த ஆய்வு 1972-இல் அம்பலமானது இன்னொன்று. அதே ஆண்டு, வங்கதேச அகதிகளின் பசியை முன்வைத்துப் பீட்டர் சிங்கர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. இன்றும் அது வகுப்புகளில் படிக்கப்படுகிறது. 'பயன்பாட்டு அறவியல்' இப்படித்தான் தனிப் பாடமாக வளர்ந்தது.

வணிகப் படிப்பிலும் இதே கதைதான். 1986-இல் ஐவன் போஸ்கியின் பங்குச் சந்தை மோசடி வெளியானது. அடுத்த ஆண்டே பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்தின் (நம் ஊர் செபி மாதிரி) தலைவர் ஜான் ஷாட், தான் படித்த ஹார்வர்டு வணிகப் பள்ளியில் அறவியல் கற்பிக்க 2 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். பிறகு 2001-இல் என்ரான் திவாலானது. அதன் தலைமை அதிகாரியாக இருந்து, 2006-இல் தண்டிக்கப்பட்ட ஜெஃப்ரி ஸ்கில்லிங்கும் அதே பள்ளியில் 1979-இல் எம்.பி.ஏ. முடித்தவர். ஷாட் பணம் தருவதற்கு முன்பே வெளியேறியவர் என்பதையும் சொல்ல வேண்டும். 2004-இல் அங்கே பொறுப்புணர்வு பற்றிய பாடம் கட்டாயமானது.

பாடம் படித்தால் திருட மாட்டார்களா என்று பலர் கேலி செய்வார்கள். தணிக்கை நடந்தும் என்ரானில் மோசடி நடந்தது. அதற்காக இனி தணிக்கையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை; விதிகளை இறுக்கத்தான் செய்தார்கள். லாபக் கணக்குப் போடும்போது 'நஷ்டம் யார் தலையில் விழுகிறது?' என்று கேட்கும் பழக்கம் வகுப்பில் வந்தால் அதுவே பெரிய விஷயம். ஒவ்வொரு முறையும் ஊர் சிரித்த பிறகுதான் அந்தப் பாடத்தைத் தேடுகிறோம் என்பதுதான் வருத்தம்.